பி.எச்.ஐ. வந்தால்தான் சட்டம் தெரியுமா?



போன கிழமை ஊர்க் கடையொன்றில் வடை வாங்கினேன். சுற்றித் தந்த தாளில் என்னுடைய சிவப்புப் பேனைத் திருத்தம்! எட்டாம் தரத் தவணைப் பரீட்சை விடைத்தாள். மை வடையில் ஒட்டியிருந்தது. கேட்டால், "சேர், சட்டம் மாறினா யாரு நமக்குச் சொல்றா?" என்கிறார்.

உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கம். அதன் கீழ் புதுப்புது ஒழுங்குவிதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2016இல் பானங்களுக்குச் சீனி நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அது எதற்கென்று என் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. வாப்பா உம்மாமாருக்கும்தான்.

வர்த்தமானி தமிழிலும் வருகிறது, அரச அச்சகத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசம். அந்தத் தமிழ் எனக்கே இரண்டு தரம் வாசித்தால்தான் விளங்கும், ஒத்துக்கொள்கிறேன். அப்போ வர்த்தகர் சங்கம் எதற்கு? இப்தாருக்குப் பேனர் அடிக்கவா? விதி நடைமுறைக்கு வரமுன்னரே பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டு, மஃரிபுக்குப் பிறகு அரை மணித்தியாலம் பேச வைக்க முடியாதா?

வழக்குப் போட்ட பிறகு "முஸ்லிம் கடை என்றுதான் பிடிக்கிறாங்க" என்று போஸ்ட் போடுகிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அழுக்குத் தாளுக்கு அது பதிலில்லை. ஹலாலா என்று கேட்கும் நமக்கு, தய்யிபா என்று கேட்க ஏன் வாய் வருவதில்லை?

அந்த விடைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன்.