கருவியின் பெயரா, கருவியின் அறிவா?

மென்பொருள் எழுதுவோர் ஒருபுறம். எழுதியதை வழங்கிகளில் நிறுவி இரவும் பகலும் இயங்கச் செய்வோர் மறுபுறம். பழுது நேருங்கால் ஒருவர்மேல் ஒருவர் பழி கூறிவந்த இவ்விரு சாராரையும் ஒன்றுகூட்டும் நோக்கில், 2009-இல் பெல்சிய நாட்டுக் கெண்டு நகரில் பாட்ரிக்கு தெபுவா என்பார் ஒரு கூட்டம் நடத்தினார். ‘டெவ்ஆப்சு’ என்னும் பெயர் அங்கிருந்தே பரவிற்று. ஆக்கமும் இயக்கமும் இணைந்த அத் தொழிலை நாம் ஆக்கவியக்கம் என்போம்.

இன்று நம் இளைஞர் பலர் அத் தொழிலை நாடுகின்றனர். நாடட்டும், வேண்டா என்பார் யார்? அவர்கள் கற்கும் முறைதான் நமக்குக் கவலை தருகின்றது. இடாக்கர், குபெர்நெட்டிசு, செங்கின்சு, தெராபார்ம் எனப் பெயர்களை அடுக்குகின்றனர், சான்றிதழ்களைக் குவிக்கின்றனர். இலினக்சு இயங்குதளத்தில் ஒரு கோப்பைத் திறக்க இசைவு ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டாலோ, விழிக்கின்றனர்! கொள்கலன் என்பது தனிப்பொறியன்று. சில செயல்முறைகளுக்கு வேலி கட்டி, இவ்வளவே நினைவகம், இவ்வளவே கணிப்பாற்றல் என இலினக்சின் கருவகம் வரையறுத்துக் கொடுப்பதே கொள்கலன். 2013-இல் இடாக்கர் வெளிவருமுன்பே அவ் வேந்துகள் கருவகத்தில் இருந்தன. வேலியை அறியாதவன், வேலிக்கு இடப்பட்ட பெயரை மட்டும் அறிந்து என்ன செய்வான்?

அறியாமையின் விலை சிறிதன்று. 2012 ஆகத்து 1 அன்று அமெரிக்க நாட்டு நைட்டு கேப்பிட்டல் என்னும் பங்குவணிக நிறுவனத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். புதிய நிரலை எட்டு வழங்கிகளில் நிறுவவேண்டிய பணியாளர், ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்னும் எழுத்து வழியான நெறியும் அங்கில்லை. அந்த ஒரு வழங்கியில் உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, வேண்டாத ஆணைகளைச் சந்தையில் கொட்டிற்று. பழுதின் வேர் அறியாமல், செவ்வனே நிறுவியிருந்த ஏழிலிருந்தும் புது நிரலை நீக்கினர்; கேடு பெருகிற்று. ஏறத்தாழ 45 மணித்துளிகளில் 40 கோடித் தாலருக்கும் மேல் இழப்பு!

எட்டிலும் ஒரே தன்மையாய் நிறுவும் தானியங்கி முறை இருந்திருப்பின், முதற்பிழை நேர்ந்திராது. அதற்குக் கருவி உதவும். ஆனால், ஏழிலிருந்து நீக்கிய இரண்டாம் பிழையை எந்தக் கருவி தடுக்கும்? அங்கே வேண்டியது அறிவு.

மேலும், கருவிகள் நிலையானவையும் அல்ல. 2005-இல் பிட்கீப்பரை விலையின்றிப் பயன்படுத்தும் உரிமை இலினக்சுக் குழுவினர்க்கு நின்றுபோயிற்று. லினசு தோர்வால்சு தாமே ‘கிட்’டை ஆக்கினார். 2023-இல் தெராபார்மின் உரிமம் மாறிற்று, ‘ஓப்பன்தோபு’ கிளைத்தது. அடிப்படை கற்றவர்க்கு இவை ஒரு கிழமை அலுப்பு.

எனவே, இளைஞரே! ஒரு பழைய கணிப்பொறி போதும். அதில் இலினக்சை நிறுவுங்கள். கட்டளைகளை விரல் அறியும்வரை பழகுங்கள். சிறு நிரல்களை எழுதி, ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் பதியுங்கள். ஓர் இணைய வழங்கியை இயக்குங்கள். பின்னர், வேண்டுமென்றே அதைக் கெடுங்கள். பதிவேடுகளைப் படித்துக் கரணியம் கண்டு மீட்டெழுப்புங்கள். குபெர்நெட்டிசு அதன்பின் வரட்டும்.