கனவுக் கார் எது?

இங்கிலாந்தில் ஐம்பதைத் தொடும் ஒருவருக்குக் குடும்பத்தார் சேர்ந்து தரும் பிறந்தநாள் பரிசுகளில் ஒன்று, பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் அனுபவம். நாம் வாங்க இயலாத ஒரு காரைச் சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்கலாம். பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பார். பரிசு பெற்றவரிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: உங்கள் கனவுக் கார் எது? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குப் பெரும்பாலோர் அவசரப்பட்டு விடை சொல்லிவிடுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கனவுக் கார் என்றதும் மனத்தில் எழுவது, பதின்வயதில் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படம். ஒரு தலைமுறைக்கு அது லம்போர்கினி கவுன்டாச். மார்செல்லோ காந்தினி வடிவமைத்து, 1971இல் ஜெனீவா கண்காட்சியில் மாதிரியாக வைக்கப்பட்ட கார் அது. 1974 முதல் 1990 வரை விற்பனைக்குத் தயாரிக்கப்பட்டது. ஆப்பு போன்ற உடல், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். ஓட்டுபவருக்கோ பின்புறம் ஏறக்குறைய எதுவும் தெரியாது. பின்னால் எடுக்க வேண்டுமென்றால் கதவைத் தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தபடி நகர்த்துவார்கள். சுவரில் இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. பார்ப்பதற்கென்று நாம் நேசித்த கார் அது, ஓட்டுவதற்கென்று நேசிக்கவில்லை.

இனி, ஓட்டப்போகும் இடத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பெயர்பெற்ற தடங்கள் சில, போர்க்கால விமானத் தளங்களாக இருந்தவை. சில்வர்ஸ்டோன் 1943இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறக்கப்பட்டது. ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டி 1950 மே 13 அன்று அங்கேதான் நடந்தது. இத்தகைய தடங்கள் அகன்றவை, சமதளமானவை. அருகில் மரமோ வீடோ இல்லாத வெளியில் வேகம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வளைவில் உடல் ஒரு பக்கம் சாயும்போதும், பிரேக் பிடிக்கையில் எடை முன்சக்கரங்களுக்கு நகரும்போதும்தான் கார் நம்மிடம் பேசுகிறது.

அங்கே ஒரு ஃபெராரி 458 இத்தாலியாவைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும்? 2009இல் வந்த அந்தக் காரின் ஆற்றல் 560 குதிரைத்திறனுக்கும் மேல். நான்கு விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். கிளட்ச் பெடல் கிடையாது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதைப் பயிற்றுநர் அறிவார். ஆகவே வளைவுக்கு வெகுமுன்பே பிரேக் பிடிக்கச் சொல்வார். நேர்பாதையில் ஒரு சீற்றம்; பிறகு அடக்கம்; மறுபடி ஒரு சீற்றம். அந்தக் காரின் எல்லைக்கு அருகில்கூட நாம் போவதில்லை. யானைமேல் அமர்ந்து கோயிலை ஒருமுறை வலம் வந்தவர் யானையை அறிந்தவர் ஆகிவிடமாட்டார்.

நம் பரிந்துரை கேட்டர்ஹாம் செவன். லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த செவன் காரின் உரிமையைக் கேட்டர்ஹாம் 1973இல் பெற்றது. பெரும்பாலான வகைகள் 600 கிலோவுக்கும் குறைவு; 458இன் எடையில் பாதிகூட இல்லை. தரையை ஒட்டிய இருக்கை. தலைக்கு மேல் வானம். திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்புவது கண்ணெதிரே தெரியும். கிளட்ச்சை அவசரமாக விட்டால் கார் குலுங்கிக் காட்டும். சரியாகச் செய்தால் அதையும் உடனே உணர்த்தும். முதல் சுற்றில் புரியாத வளைவு மூன்றாம் சுற்றில் பிடிபடும். அம்மகிழ்ச்சி நாமே ஈட்டியது.

மறுப்பு எழும் என்பதை அறிவோம். பாடம் கற்கவா பிறந்தநாள்? முப்பது ஆண்டுகள் ஏங்கியதை ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்கக் கூடாதா? இக்கேள்வியை நாம் ஏளனம் செய்யவில்லை. இளமையில் கைக்கெட்டாத ஒன்றின் அருகில் நிற்க விரும்புவது சிறுபிள்ளைத்தனமும் அல்ல. ஆனால் ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். இங்கே ஆசை முப்பது ஆண்டு நீடித்தது. அதற்குக் கிடைக்கப்போவதோ ஏறத்தாழ பத்து நிமிடம். அவ்வளவு நீண்ட ஏக்கத்தை அவ்வளவு குறுகிய நேரத்தில் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது பெரிய இழப்பு. ஓட்டியபின் அது கனவாகவும் மிஞ்சாது, அனுபவமாகவும் தேறாது.

கவுன்டாச்சை ஏதேனும் அருங்காட்சியகத்தில் சுற்றிச்சுற்றி வந்து பாருங்கள்; அதற்குரிய மரியாதை அதுவே. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நாளில் மட்டும், நாம் செய்வதற்கெல்லாம் மறுமொழி சொல்லும் காரைக் கேளுங்கள். ஐம்பது வயதில் கைகள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கின்றன என்பதைவிடச் சிறந்த பிறந்தநாள் செய்தி வேறில்லை.