காற்றைத் திருடியது யார்?



லீவு முடிந்து பள்ளி திறந்ததும் விளையாட்டு அறையில் த்ரோபால், கால்பந்து எல்லாம் சப்பையாகக் கிடக்கும். உடனே, "கடைசியா விளையாடினது யாரு? முள்ளுல போட்டுட்டீங்களா?" என்று விசாரணை. அப்புறம் ஒரு வாரத்துக்குப் பந்து கிடையாது. கடைசியாக விளையாடியது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் என்றால் பழி எங்கள் தலையில்தான். இது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஏனென்றால், ஓட்டையே இல்லாத ரப்பரிலிருந்தும் காற்று வெளியேறும். அறிவியல் பாடத்தில் விரவுதல் படித்தோமே, அதுதான் இது. ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறு இழைகள் பின்னிக் கிடப்பது. அந்த இழைகள் சும்மா இருக்காது, அசைந்துகொண்டே இருக்கும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்று ரப்பரில் கரைந்து, இழைகளின் இடுக்கில் புகுந்து புகுந்து வெளியே வந்துவிடும். 1866-லேயே தாமஸ் கிரகாம் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தார். ரப்பர் வழியாக நைட்ரஜனைவிட ஆக்சிஜன் வேகமாகப் போகிறது. ரப்பரைத் தாண்டி வந்த காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 41 சதவீதமாகக் கூடியிருந்தது!

எல்லா ரப்பரும் ஒன்றல்ல. பியூட்டைல் ரப்பர் டியூபில் காற்று ரொம்ப நாள் நிற்கும். இயற்கை ரப்பரில் அதைவிடச் சீக்கிரம் இறங்கும்.

திரவமும் ரப்பருக்குள் நுழையும். செயின் துடைக்கிற மண்ணெண்ணெய் டியூபில் பட்டால் ரப்பர் ஊறிப் பருத்துவிடும். திடப்பொருளும் நகரும். ரப்பர் சாமான்மேல் சில சமயம் வெள்ளையாகப் பூக்குதே, அது உள்ளே கலந்த கந்தகமோ மெழுகோ மெதுவாக மேலே வந்ததுதான்.

அதுக்காக பஞ்சரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் இறங்கினால் பஞ்சராக இருக்கலாம். பல நாளில் மெல்ல மெல்ல இறங்கினால் விரவுதலாக இருக்கலாம். பந்தில் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். குமிழ் கிளம்பினால் ஓட்டை, இல்லாவிட்டால் காற்றடிக்கும் வாயில் கோளாறு. குமிழே வராவிட்டால் யார்மேலும் குற்றமில்லை.

எனவே இரண்டு வேண்டுகோள்:

1. பள்ளிக்கு ஊசியோடு ஒரு காற்றடிக்கும் பம்ப் வாங்க வேண்டும். சைக்கிளில் வருகிறவர்களுக்கும் உதவும்.

2. முதலில் வாளித் தண்ணீர், அப்புறம் விசாரணை.

பாடத்தில் படிப்பதைப் பந்திலும் பார்ப்போம். பழி சொல்லும் முன் சோதிப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி