வெனிஸில எங்க தங்கிறது?

வெனிஸுக்குப் போகத் திட்டம் போடுற ஆக்கள் முதலில தேடுறது மலிவான இடத்தைத்தான். அதோட இன்னொரு கேள்வியும் கேக்கவேணும்: அந்த வீட்டில முன்னம் ஆர் இருந்தது?

1950களின் தொடக்கத்தில் அந்தப் பழைய நகரத்தில் ஏறக்குறைய 175,000 பேர் வாழ்ந்தார்கள். இப்ப 50,000 பேரும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுறதை விட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் காசு கூட. பிறகு ஊர்ச்சனம் எங்க போறது?

2024இல் நகரசபை, கூட்டம் கூடின நாட்களில் பகலில் வந்து போறவர்களிடம் 5 யூரோ அறவிடத் தொடங்கியது. அதே ஆண்டு, வழிகாட்டியோடு போகும் குழுக்களையும் 25 பேருக்கு மட்டுப்படுத்தியது. நல்ல விசயம்தான். ஆனால் வீடு இல்லாமப் போன குடும்பத்தை இது இரண்டும் திருப்பிக் கொண்டுவராது. பிரச்சினை கூட்டம் மட்டுமில்லை, வீடும்தான்.

அதால, போறதெண்டால் முழு வீட்டை எடுக்காதேங்கோ. ஹோட்டலில ஒரு அறை எடுங்கோ. காசு காணாதெண்டால் பாலத்துக்கு அங்கால, மெஸ்த்ரேயில ஹோட்டல் பாக்கலாம். ரயிலில பத்து நிமிசம் மட்டில்தான். அதுவும் வெனிஸ் நகரசபைக்குள்ளதான் வருது. அங்க தங்கிறவைக்கும் அந்த 5 யூரோ இல்லை.