பாசறையைத் திரையில் தேடும் தமிழர்

அம்பாசமுத்திரத்தில் 'அமரன்' திரைப்படம் பார்த்துவிட்டுக் கண்களைத் துடைத்தவாறே வெளிவந்த இளைஞர் சிலரைப் பார்த்து, "தில்லிப் படைக்கு ஆள்சேர்க்கும் படத்திற்கா இத்துணைக் கண்ணீர்?" என்று நம் தோழர் ஒருவர் எள்ளினார். அவ்வெள்ளலை யாம் ஏற்கவில்லை. அவர்கள் எதற்கு அழுதார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

2014-இல் காசுமீரத்துச் சோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிரீந்த மேசர் முகுந்து வரதராசனின் வாழ்க்கையை, இராசுகுமார் பெரியசாமி 2024-இல் படமாக்கினார். துமுக்கிச் சூட்டுக்கு அதிற் குறைவில்லை. ஆயினும் அரங்கை அழவைத்தது அவ்வேட்டொலியா? அன்று! சாய் பல்லவி நடித்த மனைவியே அக்கதையைச் சொல்கிறாள். காத்திருப்பவள் வாயிலாகப் போரைக் கேட்கிறோம். அதுவே அப்படத்தின் ஈர்ப்பு. பிற்பகுதியில் வெடியோசை பெருகப் பெருக அவள் பின்னுக்குத் தள்ளப்படுவது அதன் குறை.

இது மேலைநாட்டுப் போர்க்காதற் படங்களிடம் வாங்கிய கடன் என்பார் உளர். யாரிடம் யார் கடன் வாங்குவது? பகைவயிற் பிரிவுக்குத் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். பிரிந்தவனுக்காக ஆற்றியிருத்தலே முல்லை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே. அதற்குள் காட்டை வெட்டி அமைத்த பாசறை, இடையில் வாள் கட்டிய மங்கையர் ஏற்றும் விளக்குகள், நாழிகை அளப்போர், வடமொழி சொல்லி யானைக்குக் கவளம் ஊட்டும் பாகர். (அன்று யானைக்குப் பழக்கிய மொழியை இன்று திரையுலகம் நமக்கன்றோ பழக்குகிறது!) வேந்தனுக்கோ உறக்கமில்லை. புண்பட்ட யானைகளையும், செஞ்சோற்றுக் கடன் கழித்து மாய்ந்த மறவரையும், அம்பு தைத்து உணவு கொள்ளாது நிற்கும் குதிரைகளையும் எண்ணி, ஒருகை பள்ளிமேல் ஊன்றி, மறுகையில் தலை தாங்கிக் கிடக்கிறான். அங்கே அரண்மனையில் அவள், மழையருவியின் ஒலியைக் கேட்டுக் கிடக்கிறாள். இதைப் படமெடுக்க ஒருவனும் இல்லையே!

எப்படி எடுப்பான்? பத்தாம் வகுப்புப் பாடநூலில் இப்பாட்டின் தொடக்க அடிகள் மட்டுமே உள்ளன. முதுபெண்டிர் விரிச்சி கேட்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பாசறையின் வாயிலைக்கூட மாணவன் காண்பதில்லை. முழுப் பாட்டையும் மறைத்துவிட்டு, அவன் திரையரங்கில் அழுகிறான் என்று நகைக்க நமக்கு என்ன உரிமை?

பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதர் 1889-இல் அச்சிட்டார். அதற்கு அவர் தேடியலைந்த ஏடுகளுள் ஒன்று, இதே பொருநை பாயும் ஆழ்வார்திருநகரியிற் கிடைத்தது. அம்பாசமுத்திரத்தைத் தொட்டோடும் ஆறு அவ்வூரையும் தொட்டே கடல் சேர்கிறது.

படத்தின் பெயரையும் நோக்குக. சாவிலான் என்னும் வடமொழிப் பொருளிலேயே அதை ஊரார் கொள்கின்றனர். அமர் என்பது போரைக் குறிக்கும் தூய தமிழ்ச்சொல் அன்றோ? அமரன், போர்புரிவோன் என்று கொள்ளத் தடை என்ன? தம் மொழியின் சொல் தம் கண்முன் பெரிய எழுத்தில் நின்றும் அறியாதிருக்கின்றனர்.

எள்ளிய தோழரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். தலை கவிழ்ந்தார். அவ்விளைஞர்களைத் தேடிச் சென்று முல்லைப்பாட்டை முதலடி தொட்டு ஈற்றடிவரை படித்துக்காட்டும் வேலையை அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.