புகையைச் சோதிக்கிறோம், சில்லுகளை யார் பார்ப்பது?

நாலந்தாவுக்கு அருகே ஏ9 வீதி வளைவொன்றில், போன மாதம் மழைக்குள், ஸ்டியரிங்கை வெட்டியும் என் கார் நேராகவே போனது. எதிரே லொறி வரவில்லை, தப்பினேன்.

இதை 'அண்டர்ஸ்டியர்' என்பார்கள். நம் சிறிய ஜப்பானியக் கார்களில் எஞ்சினின் பாரம், இழுவை, திருப்பம் மூன்றும் முன்டயர்களின் தலையில்தான். கம்பனிகள் வேண்டுமென்றே கொஞ்சம் இப்படி அமைத்து விடுகின்றன. எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்பக்கம் சுழன்றால் சாதாரண சாரதி என்ன செய்வார்?

ஆனால் வருடங்கள் போக அந்தக் 'கொஞ்சம்' கூடிவிடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழையதையே ஓட்டினோம். மாத்தளை கராஜில் தூக்கிப் பார்த்தால், முன் ஷொக் இரண்டிலும் எண்ணெய் கசிவு, புஷ்கள் வெடித்திருந்தன, அலைன்மன்ட் விலகியிருந்தது.

"பின்னுக்கு மொத்தமான ஸ்டெபிலைசர் பார் போடலாமா, பாஸ்?" என்றேன். யூடியூப் அறிவு.

"முதல்ல இருக்கிறதச் சரியாக்குங்க தம்பி."

அந்த வைத்தியம் பொய்யல்ல. பின்பக்கத்தை இறுக்கினால், வளைவில் இடம்மாறும் பாரத்தில் பெரும்பங்கு பின்சில்லுகளுக்குப் போகும், முன்டயர்களுக்குப் பிடி மிஞ்சும். மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக் காருக்கு அது சரி. ஈர வீதியில் அளவு மீறினால் வால் வழுக்கும். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது இன்னும் மோசம்: குழியில் சஸ்பென்ஷன் முட்டி, டயர் பிடியை விட்டுவிடும்.

இத்தனைக்கும் என் கார் புகைப் பரிசோதனையில் பாஸ். தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அது போதும். தகுதிச் சான்றிதழ் பஸ், லொறிகளுக்குத்தான். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் பஸ்களின், முச்சக்கர வண்டிகளின் அலங்காரங்களைக் கழற்றினார்கள். அவ்வருடம் மே மாதம் கொத்மலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், செப்டெம்பரில் எல்லவில் 15 பேர். அவற்றுக்கான காரணங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் மாலையைக் கழற்றுவது சுலபம், அடியில் குனிந்து புஷ்ஷைப் பார்க்க நேரம் வேண்டும்.

புகை பார்க்கும் அதே நிலையத்தில் டயர், ஷொக், ஸ்டியரிங் மூட்டுகளையும் பார்க்கலாம். அதைக் கட்டாயமாக்கும் அரசு, உதிரிப்பாகங்களின் வரியையும் கூடவே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கசியும் ஷொக்கைத் துடைத்துவிட்டுப் பரிசோதனைக்கு வருவோம்.