பழைய காருக்குப் புதுக் கண்ணாடி: அழகு மட்டும் போதுமா?

மனிதனுக்குக் கண் எப்படியோ, அப்படித்தான் காருக்குக் கண்ணாடி. என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், முன் கண்ணாடி சரியில்லை என்றால் அந்தக் காரில் ஏறக்கூடாது.

அமெரிக்காவில் பழைய கார்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, புதுப்பித்து வைத்துக்கொள்வோர் பலர் இருக்கிறார்கள். 1964-ம் ஆண்டு வெளிவந்த போர்டு மஸ்டாங், 1966-ல் வெளிவந்த செவர்லே கமாரோ போன்ற கார்களுக்கு அங்கே தனி மவுசு உண்டு.

இப்படிப் புதுப்பிக்கிறவர்களிடையே ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையையும், பளபளக்கும் உலோகப் பட்டையையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். காரின் தகடும் கண்ணாடியும் ஒரே மட்டமாக இருக்கும்படி, புதிய கண்ணாடியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள்.

பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. மேடு பள்ளம் இல்லை. ஒரே வார்ப்பில் வார்த்தது போலத் தெரிகிறது.

ஆனால், கண்ணாடி என்பது காருக்கு நகை அல்ல. உள்ளே இருப்பவர்களின் உயிரைக் காக்கும் கவசம். அதில் கை வைக்கும் முன்பு பல விஷயங்களை யோசிக்க வேண்டும்.

பழைய முறை

பழைய மஸ்டாங், ஜெர்மனியின் போக்ஸ்வாகன் பீட்டில், நம் நாட்டு அம்பாசடர் ஆகிய கார்களில் முன் கண்ணாடி ரப்பர் பட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். இதை 'பீடிங்' என்பார்கள்.

இந்த ரப்பரில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒரு பள்ளம் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மற்றொரு பள்ளம் காரின் தகட்டு விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டுகிற விதமும் சுவையானது. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, வெளிப் பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுற்றி வைப்பார்கள். வழுக்குவதற்காகச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்துவார். மற்றொருவர் காருக்குள் அமர்ந்து கயிற்றை மெல்ல மெல்ல இழுப்பார். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி நின்றுவிடும்.

ரப்பருக்கு ஒரு பெரிய குணம் உண்டு. மேடு பள்ளத்தில் போகும்போது காரின் கூடு சிறிது முறுக்கும். ரப்பர் அந்த முறுக்கலைத் தாங்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு அது தெரியாது.

ஒரு பெரிய குறையும் உண்டு. வெயிலில் காய்ந்து காய்ந்து ரப்பர் கெட்டியாகிவிடும். பிறகு வெடிக்கும். வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் புகும். புகுந்த தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். தகடு துருப்பிடிக்கும்.

கமாரோ காரில் முறை வேறு. கண்ணாடியை ஒட்டி, அதன் ஓரத்தை உலோகப் பட்டையால் மூடியிருந்தார்கள். அந்தப் பட்டையைச் சிறு 'கிளிப்'கள் பிடித்திருந்தன. அந்தக் கிளிப்களைச் சுற்றித் தண்ணீர் தங்கி, கண்ணாடிச் சட்டமே அரித்துப்போன கார்கள் ஏராளம்.

'இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டிவிடுவோம்' என்ற எண்ணம் ஏன் வருகிறது என்பது இதிலிருந்து புரியும்.

சம மட்டக் கண்ணாடி எப்படி வந்தது?

கார்த் தொழிற்சாலைகள் கண்ணாடியைத் தகட்டோடு சமமாக்கியது அழகுக்காக மட்டும் அல்ல.

1973-ல் எண்ணெய் விலை உலகமெங்கும் பல மடங்கு ஏறியது. பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டிய கட்டாயம் வந்தது. வேகமாகப் போகும் காரை எதிர்த்து நிற்பது காற்று. கண்ணாடியைச் சுற்றி விளிம்பும் பள்ளமும் இருந்தால் காற்று அங்கே மோதிச் சுழலும். காற்றைத் தள்ள என்ஜின் கூடுதலாக உழைக்கும். பெட்ரோல் செலவாகும்.

ஆகவே, ஜெர்மனியின் ஆடி தொழிற்சாலை 1982-ல் வெளியிட்ட 'ஆடி 100' என்ற காரில், பக்கக் கண்ணாடிகளைக் கதவுத் தகட்டுக்குச் சமமாக அமைத்தார்கள். காற்றுத் தடையை அளக்கும் கணக்கில் அந்தக் காருக்கு 0.30 என்ற எண் கிடைத்தது. இந்த எண் குறையக் குறைய, காற்றின் தடையும் குறைவு. அன்றைய குடும்பக் கார்களில் அது பெரிய சாதனை.

ஆனால், ஒன்றை மறக்கக்கூடாது. ஆடி காரில் கண்ணாடி மட்டும் மாறவில்லை. காரின் உருவம் முழுவதுமே காற்றுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. 1960-களின் கார்களோ நெஞ்சை நிமிர்த்தி நிற்பவை. அந்தக் காரில் கண்ணாடியை மட்டும் சமமாக்கினால் காற்றின் இரைச்சல் சற்றுக் குறையலாம். பெட்ரோல் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இராது.

ஆக, பழைய காரில் இதைச் செய்வது பெரும்பாலும் அழகுக்காகத்தான். அழகுக்குச் செய்வது குற்றமல்ல. ஆனால், அதில் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

தவறி விழுந்த குடுவை

ஆதி காலத்துக் கார்களில் சாதாரணக் கண்ணாடிதான் இருந்தது. மோதினால் அது கத்தி கத்தியாக உடையும். மோதலில் பிழைத்தவர்கள்கூடக் கண்ணாடி கிழித்து மாண்டார்கள்.

1903-ல் பிரான்சு நாட்டில் எடுவார் பெனடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. குடுவை விரிசல் விட்டது. ஆனால், சிதறவில்லை! அதற்குள் முன்பு இருந்த ரசாயனக் கரைசல் காய்ந்து, உட்புறத்தில் மெல்லிய தோல் போலப் படிந்திருந்தது. அதுவே துண்டுகளைப் பிடித்து நிறுத்தியது. 1909-ல் அவர் இந்த முறைக்கு உரிமை பெற்றார்.

இன்றைய காரின் முன் கண்ணாடி இந்த வகைதான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். கண்ணாடி உடைந்தாலும் தாள் பிடித்துக்கொள்ளும். இதை 'லாமினேட்டட்' கண்ணாடி என்பார்கள்.

இன்னொரு வகை, 'டப்பன்டு' கண்ணாடி. கண்ணாடியை நன்றாகக் காய்ச்சி, காற்றை வேகமாக வீசிச் சட்டென்று குளிரவைப்பார்கள். அது வலுவானது. உடைந்தால் கற்கண்டு போலச் சிறு சிறு துண்டுகளாக உதிரும். பக்கக் கண்ணாடிக்கு அது ஏற்றது.

முன் கண்ணாடிக்கு அது ஏற்றதல்ல. ஒரு கல் பட்டால் போதும், கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளை வெளேர் என்று நொறுங்கும். ஓட்டுகிறவருக்குச் சாலையே தெரியாது. ஐரோப்பாவில் செய்த பழைய கார்கள் பலவற்றில் முன்புறம் இந்த வகைக் கண்ணாடியே இருந்தது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் உடனே செய்ய வேண்டியது, அதை லாமினேட்டட் கண்ணாடியாக மாற்றுவது. இதற்குக் காரை அறுக்க வேண்டாம். ஒட்ட வேண்டாம். பெரும்பாலும் அதே ரப்பர் பட்டையிலேயே பொருத்திவிடலாம். சம மட்டம் அழகைத்தான் கூட்டும். இந்த மாற்றமோ கண்ணையும் உயிரையும் காக்கும்.

ஒட்டுவது எளிதா?

புதிய கார்களில் ஒட்டிய முன் கண்ணாடி, காரின் கூட்டில் ஓர் அங்கம். கார் கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்க அது உதவுகிறது. மோதும்போது ஆட்கள் வெளியே தூக்கி எறியப்படாமல் தடுக்கிறது. அந்த வேலைக்கு ஏற்ற பசை பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி அது இறுகுகிறது. இறுகும்வரை காரை நகர்த்தக்கூடாது. சில பசைகளுக்குச் சில மணி நேரம் போதும். சிலவற்றுக்கு ஒரு நாள் ஆகும்.

பழைய காரில் இந்தப் பசையைத் தடவுவதற்கு நான்கு இடையூறுகள் உண்டு.

முதலாவது, துரு. பசை தகட்டைப் பிடிக்க வேண்டும். நடுவில் துரு இருந்தால், பசை துருவைப் பிடிக்கும். துரு தகட்டை விட்டுவிடும். பார்வைக்கு ஒட்டியிருப்பது போலத் தோன்றும் கண்ணாடி, மோதும் நேரத்தில் பெயர்ந்துவிடும். துருவை அடியோடு சுரண்டி, கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, 'பிரைமர்' பூசிய பிறகே பசைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, விளிம்பு. ஒட்டும் கண்ணாடி உட்காருவதற்கு, சரியான ஆழத்தில் தட்டையான விளிம்பு வேண்டும். ரப்பர் பிடித்திருந்த கார்களில் அப்படிப்பட்ட விளிம்பு இல்லை. ரப்பரில் நுழையும் மெல்லிய உதடுதான் உண்டு. ஆகவே, தகட்டை வெட்டிப் புது விளிம்பை வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டியதைப் பழையபடி ஆக்குவது கடினம்.

மூன்றாவது, வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் இந்தப் பசையை அரித்துவிடும். புதிய கார்களின் கண்ணாடி ஓரத்தில் கறுப்புக் கரை இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது வெறும் அலங்காரம் அல்ல. கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட அந்தக் கறுப்பு, பசைக்குக் குடை. பழைய கண்ணாடிக்கு அந்தக் கரை கிடையாது. பட்டை மூடியிருந்ததால் அதற்குத் தேவையும் இல்லை. பட்டையை எடுத்துவிட்டுப் பழைய கண்ணாடியையே ஒட்டினால், பசை வெயிலில் நிற்கும். நாளடைவில் பிடி தளரும். கறுப்புக் கரை உள்ள கண்ணாடியைத்தான் ஒட்ட வேண்டும்.

நான்காவது, அளவு. அந்தக் காலத்துக் கூடுகள் ஒன்றுபோல ஒன்று இரா. ஒரே ஆண்டில் செய்த இரண்டு கார்களில்கூடச் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். ரப்பரும் பட்டையும் அந்தக் குறையை மறைத்தன. அவற்றை எடுத்துவிட்டால், கோணல் எல்லாம் வெளியே தெரியும். கண்ணாடி தகட்டில் நேராக இடித்தால், கூடு முறுக்கும்போது விரிசல் விடும். டப்பன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டிச் சரி செய்யலாம் என்றால் அதுவும் நடக்காது. வெட்டக் கை வைத்தாலே நொறுங்கும். ஆகவே, அட்டையில் அளவு எடுத்து, பசை இல்லாமல் வைத்துப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

சிலர் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகட்டை வைக்கிறார்கள். பந்தயக் காருக்கு அது எடை குறைவு. வீட்டாரோடு சாலையில் போகும் காரின் முன்புறத்துக்கு அது ஆகாது. துடைப்பான் உரசி உரசிக் கீறல் விழும். இரவில் எதிர் விளக்கு பட்டால் பார்வை மங்கும். அமெரிக்காவில் முன் கண்ணாடியின் ஓரத்தில் 'ஏ.எஸ்.1' என்ற முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. எந்த நாடாக இருந்தாலும் இப்படிப்பட்ட பாதுகாப்பு முத்திரையைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

பழமைக்கும் மதிப்பு உண்டு

பழைய கார்களைக் காப்பதற்காக 1966-ல் 'பீவா' என்ற உலகச் சங்கம் அமைந்தது. குறைந்தது 30 வயதான, சரித்திரப்படி சரியான நிலையில் காக்கப்படுகிற வண்டியையே அது சரித்திர வண்டி என்று ஏற்கிறது.

இதில் நியாயம் இருக்கிறது. ரப்பர் பட்டையும் உலோகப் பட்டையும் ஒரு காலத்தின் சாட்சிகள். ஒரு தொழிலாளி எப்படிக் கயிறு இழுத்துக் கண்ணாடி மாட்டினான் என்பதை அவை சொல்லும். மாறாமல் மிஞ்சிய கார் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதே தவிர, கூடுவதில்லை. நல்ல நிலையில் உள்ள அப்படிப்பட்ட காரை அழகுக்காக வெட்டுவது, தாத்தா காலத்துத் தேக்குக் கதவை அறுத்து மேஜை செய்வது போன்றது.

அதற்காக, எல்லாக் கார்களையும் கண்காட்சியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. சட்டம் துருப்பிடித்து உதிர்ந்துபோன கார் உண்டு. முன்பே பல கை பட்டு உருமாறிய கார் உண்டு. அவற்றுக்கு எப்படியும் டிங்கர் வேலை செய்தே ஆக வேண்டும். அங்கே சம மட்டக் கண்ணாடி வைப்பதில் தவறு இல்லை. வேலை தெரிந்தவர் முறையாகச் செய்தால், தண்ணீர் தங்கும் பள்ளமும் ஒழியும்.

எது முதலில்?

ஆகவே, பழைய கார் வைத்திருப்பவர்கள் வரிசையை மாற்றக்கூடாது.

முதலில் துருவைப் பார்க்க வேண்டும். அடுத்து, முன்புறம் இருப்பது எந்த வகைக் கண்ணாடி என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்து, ரப்பர் மட்டும் கெட்டிருந்தால், புது ரப்பர் போட்டால் போதும். அதற்குப் பிறகும் சம மட்டம் வேண்டும் என்று தோன்றினால், கறுப்புக் கரை உள்ள கண்ணாடியை, அனுபவமுள்ளவர் கையால் ஒட்ட வேண்டும். கழற்றிய பட்டையையும் பழைய கண்ணாடியையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு அந்தக் காரை வாங்குகிறவர் அதற்காக நன்றி சொல்வார்.

கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கிறோம். கண்ணாடியையே பார்த்து மயங்கினால் சாலை தெரியாது. கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பு, அதன் பின்னால் உட்காரப் போகும் குழந்தைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.